காலாண்டின் சிறந்த குழி

சாய்ந்தமருதில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கைக்குள் நுழைந்தால், சனம் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு "இன்னாலில்லாஹி" சொல்ல ஆயத்தமாகும். யார் மௌத்து, எத்தனை மணிக்கு நல்லடக்கம், எந்த மையவாடி என்பதற்கு மேல் அந்த ஓட்டோவுக்குச் சொல்ல விசயமிருப்பதில்லை. அன்றைக்கு வந்த ஓட்டோ, பொன்வயல் கனிய வளக் குழுமத்தின் இரண்டாம் காலாண்டு உற்பத்திப் பெறுபேறுகள் வெளியிடப்படவிருக்கின்றன என்று அறிவித்தது. அறிவித்தவர் வழக்கமாக மௌத்து அறிவிப்பவர்தான். குரலையும் அவர் மாற்றவில்லை.

மீன் கழுவிக்கொண்டிருந்த ஹாஜறா வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சருங்க, றிசல்ட் வரப்போகுதாமே. எந்தப் புள்ளையள் இப்ப சோதின எழுதின?"

"புள்ளையள் இல்ல. கம்பனி" என்றார் அவளுடைய புருசன் மீராமுகைதீன்.

"கம்பனியும் சோதின எழுதுதா?"

"அப்பிடித்தான் சொல்றாங்க."

"பேப்பர் திருத்துற ஆரு?"

மீராமுகைதீன் யோசித்தார். "அதுவும் கம்பனிதான் போல."

"அப்ப பாஸ்தான்" என்று சொல்லிவிட்டு ஹாஜறா மீனுக்குத் திரும்பினாள்.

மீராமுகைதீன் ஒழுங்கைக்கு இறங்கி, விழா எந்த நாள் என்று கேட்டு வந்தார். அவர் மூன்று மாதமாகக் காத்திருந்தது இந்த விழாவுக்குத்தான்.

விசயம் சின்னது. மாவடிப்பள்ளிப் பக்கத்தில் அவருக்கு வாப்பா வழியாக வந்த வயல் உண்டு. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் ஒரு பக்க மண் வரம்பு, பக்கத்திலிருந்த கிறவல் மேட்டோடு சாய்ந்து கிடந்தது. மேட்டைப் பொன்வயல் குழுமம் வாங்கியது. மேட்டை வெட்டிய பெக்கோ இயந்திரத்துக்கு மேடு எது, வரம்பு எது என்று தெரியவில்லை. அது இரண்டையும் அள்ளி டிப்பரில் போட்டுவிட்டது. மேடு இருந்த இடத்தில் இப்போது குழி இலக்கம் ஏழு. வாய்க்காலில் வரும் தண்ணீர் வயலுக்குப் போகாமல், வழியில் கண்ட குழிக்குள் இறங்கிவிடும். பெரும்போகத்துக்கு விதைக்கும் காலம் வருமுன் அந்த வரம்பை மண் போட்டு அடைக்க வேண்டும். சில டிப்பர் மண் போதும். அவ்வளவுதான் அவருடைய கோரிக்கை.

முதலில் அவரும் பக்கத்து வயற்காரன் காரைதீவுத் தங்கராசாவுமாக மண்வெட்டியும் உரப்பையும் கொண்டுபோய்த் தாங்களே அடைக்கப் பார்த்தார்கள். கம்பனிக் காவலாளி ஓடிவந்து, குழியின் காற்று எல்லைக்குள் அத்துமீறியதாகச் சொல்லி விரட்டினான். குழிக்குக் காற்று எல்லை உண்டென்பது இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு மீராமுகைதீன் அலுவலகத்துக்குப் போனார். அங்கே சமூக நல்லிணக்க முகாமையாளர் பஸால் இருந்தான். ஊர்ப் பொடியன். பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்பான். சலாம் சொல்வதற்கு முந்திக்கொள்வான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கம்பனி அவனை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

"காக்கா, இத முறைப்பாடெண்டு சொல்லாதீங்க" என்றான் பஸால், குளிர்பானத்தை முன்னால் நகர்த்தியபடி. "முறைப்பாடெண்டா உங்களுக்கும் கூடாது, எங்களுக்கும் கூடாது. நாம இத கரிசனையெண்டு வெப்பம்."

"வெச்சா வரம்பு வருமா, மனே?"

"கரிசனையளக் காலாண்டு விழாவிலதான் தலைவர்ர காதுல போடுறது. அதுக்கிடையில உங்களுக்கு மட்டும் செஞ்சா மத்தாக்களுக்கு அநியாயம் இல்லையா?"

"மத்தாக்களுக்கும் செய்யலாமே."

பஸால் சிரித்தான். பெரியவர்கள் பகிடி விட்டால் சிரிக்கத் தெரிந்த பொடியன்.

அடுத்த மேசையிலிருந்த உற்பத்தி முகாமையாளர் கேதீஸ்வரன் கணினியிலிருந்து தலையை உயர்த்தினார். "ஐயா, நான் வெளிப்படையாக் கதைக்கிறன். மண் வெளியால போனா அதுக்குப் பேர் உற்பத்தி. மண்ணைத் திருப்பிக் கொண்டந்து போட்டா அதுக்கென்ன பேர்?"

"வரம்பு" என்றார் மீராமுகைதீன்.

"இல்லை. உற்பத்தி வீழ்ச்சி. ஒரு டிப்பர் திரும்பி வந்தாலும் பங்குதாரர் கேப்பினம், என்ன கேதீஸ், மண் பின்னால போகுதாமே எண்டு. நான் என்ன பதில் சொல்றது?"

மீராமுகைதீனுக்கு அந்த மனிசன் மேல் இரக்கம் வந்தது. அதுதான் அவருடைய சுபாவம். எதிரில் இருப்பவருக்கு ஒரு கஷ்டம் என்றால் தன்னுடையதை மடித்து மடிக்குள் வைத்துக்கொள்வார். குளிர்பானத்தைக் குடித்துவிட்டு, காலாண்டு முடியட்டும் என்று வந்துவிட்டார்.

*

விழா கல்முனையில், பெரிய கலியாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை பொம்பிளை இருக்கும் மேடையில் நான்கு கண்ணாடிக் கோப்பைகள், பட்டுத்துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தன. பொன்வயல் ஒரு பல்துறைக் குழுமம். அதாவது ஆற்றில் மணல், மேட்டில் கிறவல், மலையில் கருங்கல், கடற்கரையில் கறுப்பு மணல் என்று, எடுக்கக்கூடியது எங்கே இருந்தாலும் பேதம் பார்க்காமல் எடுக்கும். கொழும்பிலிருந்து வந்த தலைவர் நடுவில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் எல்லாப் பேச்சுக்கும் தலையாட்டினார்.

மீராமுகைதீனும் தங்கராசாவும் பின்வரிசையில் இருந்தார்கள். சமையற்கட்டுப் பக்கமாகப் புரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது.

"பேரை எப்பக் கூப்பிடுவாங்க, மச்சான்?" என்று தங்கராசா குசுகுசுத்தார். அவருடைய வயலுக்கும் அதே வாய்க்கால்தான்.

"கரிசனைக்கெண்டு கடைசில ஒரு நேரம் இரிக்காம்."

"கடைசில சோறல்லோ இருக்கு?"

கேதீஸ்வரன் ஒலிவாங்கிக்கு முன் வந்து முதலாவது கோப்பையின் துணியை நீக்கினார். உள்ளே கிறவல். சபை கைதட்டியது.

"சென்ற வருடம் இதே காலாண்டில் மாவடிப்பள்ளியில் ஒரு மேடு இருந்தது" என்று அவர் ஆரம்பித்தார். "இன்று அது இல்லை என்பதைப் பெருமையோடு அறியத்தருகிறேன். அந்த மேடு எத்தனையோ தலைமுறையாக எந்த உற்பத்தியும் இல்லாமல் சும்மா கிடந்தது. மாடு மேய்ந்தது. மழைக்கு ஆட்கள் ஏறி நின்றார்கள். அதற்கொரு அர்த்தத்தைக் கொடுத்தது நமது குழுமம்."

மீராமுகைதீன் யோசனையில் விழுந்தார். அவர் அறிந்தவரை, உற்பத்தி என்றால் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்று வருவது. விதைநெல்லைத் தூவிவிட்டுக் காத்திருப்பது. இங்கே இருந்த ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. அதைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். நமக்குத்தான் படிப்புப் பத்தாது என்று நினைத்துக்கொண்டு அவரும் கைதட்டினார்.

இரண்டாவது துணி விலகியது. ஆற்று மணல். கோப்பை அரைவாசிதான் நிறைந்திருந்தது.

"இத்துறையில் ஒரு சிறு பின்னடைவு. இதற்குக் காரணம் ஆற்றில் மணல் இல்லாமையே. இதில் நமது ஊழியர்களின் தவறு எதுவுமில்லை. அவர்கள் கடைசி மணல் வரை உழைத்தார்கள். ஆறுதான் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை."

தலைவர் ஆற்றின் மீது அதிருப்தியோடு தலையாட்டினார்.

மூன்றாவது கருங்கல். "வெடி வைத்த இடத்திலிருந்து வெகுதூரத்து வீடுகளிலும் சுவர் வெடித்திருப்பதாகச் செய்திகள் வந்துள்ளன. நமது சேவை மக்களின் வீடுதேடிச் செல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இறக்காமத்துப் பக்கம் ஒரு யானை நமது கற்குழியைப் பார்வையிட வந்து, உள்ளேயே தங்கிவிட்டது. வனசீவராசிகளும் நமது குழிகளை விரும்புகின்றன."

நான்காவது கறுப்பு மணல். "கரையோரத்தில் ஒரு மகிழ்ச்சியான அனுபவம். நாம் ஒரு பங்கு எடுத்தால், கடல் தானாக முன்வந்து இரண்டு பங்கு எடுக்கிறது. சம்பளம் வாங்காமல் இரவுபகலாக உழைக்கும் இப்படியொரு ஊழியரை நான் கண்டதில்லை."

கடற்கரையில் வீடு வைத்திருந்த சிலர் கைதட்டுவதை நிறுத்தினார்கள். புரியாணி வாசம் கூடியதும் மறுபடி தட்டினார்கள்.

அடுத்ததாக விருதுகள். சிறந்த டிப்பருக்கு மாலை போட்டார்கள். டிப்பர் மண்டபத்துக்குள் வர முடியாததால் மாலையை அதன் கண்ணாடியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார்கள். பிறகு பஸால் ஒலிவாங்கியை எடுத்தான்.

"காலாண்டின் சிறந்த குழிக்கான விருதைப் பெறுவது, குழி இலக்கம் ஏழு!"

ஆரவாரம்.

"குழியால் மேடைக்கு வர இயலாமையால், குழியின் சார்பில் விருதைப் பெற்றுக்கொள்ள, குழியின் அயலவர் மீராமுகைதீன் காக்காவை அன்போடு அழைக்கிறோம்."

மீராமுகைதீன் இருந்தபடியே திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"போ மச்சான்" என்று தங்கராசா அவரை எழுப்பிவிட்டார். "மைக்கப் புடிச்சா விடாத. வரம்பக் கேள்."

மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நடுவில் ஒரு ஓட்டையுள்ள கேடயத்தைத் தலைவர் கையில் தந்தார். படம் எடுத்தார்கள். பஸால் ஒலிவாங்கியை நீட்டி, "ரெண்டு வார்த்த சொல்லுங்க காக்கா" என்றான்.

மீராமுகைதீன் வாழ்க்கையில் ஒலிவாங்கி பிடித்ததில்லை. அதன் தலையில் ஒருமுறை ஊதினார். மண்டபம் முழுக்க அவருடைய மூச்சு கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் கதைக்கத் தெரியா. அந்தக் குழி எனக்கு அயல்தான், மெய்தான். அதுக்கு முந்தி அந்த வரம்பு எனக்கு அயல். இப்ப வாய்க்காத் தண்ணியெல்லாம் குழிக்குள்ள போகுது. மழ வந்தா வயலுக்கு ஒரு சொட்டும் வராது. நான் காசு கேக்கல்ல. வெட்டின மண்ணில கொஞ்சத்தத் திருப்பிப் போட்டு வரம்ப அடச்சித் தந்தா நானும் தங்கராசாவும் வெள்ளாம செஞ்சி திம்பம். அவ்வளவுதான்."

பின்வரிசையில் தங்கராசா மட்டும் எழுந்துநின்று கைதட்டினார்.

பஸால் தலைவர் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். மீராமுகைதீன் கதைத்தது நீளம். மொழிபெயர்ப்பு ஒரு வரியில் முடிந்தது. தலைவரின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து மீராமுகைதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி நீண்ட நேரம் பேசினார். அதைப் பஸால் சபைக்குத் தமிழில் சொன்னான்.

"தலைவருக்கு மிகுந்த சந்தோசம். குழி ஏழில் தண்ணீர் சேர்வதாக விவசாயிகளே வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. இன்றிலிருந்து அது குழி அல்ல, நீர்த்தேக்கம். விவசாயிகளின் தேவை கருதி அது அடுத்த காலாண்டில் தெற்குப் பக்கமாகப் பெருப்பிக்கப்படும்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. மீராமுகைதீன் பொன்னாடையோடு நின்றார். பெருப்பிப்பது என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. பெருப்பித்தால் வரம்பும் சேர்ந்து வருமாக்கும். தெற்குப் பக்கம் தன்னுடைய வயல் என்பது மேடையில் நின்ற வெட்கத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

*

சோற்றுக்கு முன் துஆ. இந்தக் கரையில் எந்தக் கூட்டமும் துஆ இல்லாமல் முடியாது. துஆ முடியாமல் எந்தச் சஹனின் மூடியும் திறபடாது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுகள் வரிசையாக வந்து இறங்கின. ஒவ்வொரு மூடியின் இடுக்காலும் ஆவி வந்துகொண்டிருந்தது. சனம் சஹன்களைச் சுற்றிச் சப்பணம் கட்டி அமர்ந்தது. தங்கராசா தன் கூட்டாளிக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்கு வேறாகக் கோழி இல்லாத பார்சல் ஒன்று வந்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவர் இறைச்சி தொடாத நாள்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூப்பிட்டார்களாம். துஆவைக் கம்பனி எழுதித் தரும் என்றதும் தனக்கு அன்றைக்கு வயிற்று வலி என்று சொல்லி அவர் வரவில்லை. அதனால் பஸாலே தொப்பியைப் போட்டுக்கொண்டு கையேந்தினான். குரல் நல்ல குரல். கண்ணை மூடினால் பஸால் என்றே தெரியாது.

"யா அல்லாஹ்! எங்கட உம்மா வாப்பாமாரின் பாவங்கள மன்னிப்பாயாக."

"ஆமீன்."

"கடல் கொண்டு போன எங்கட மக்களுக்கு உயர்ந்த சுவர்க்கத்தக் குடுப்பாயாக."

"ஆமீன்." மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தங்கள். மீராமுகைதீனுக்குச் சுனாமி வந்த டிசம்பரில் போன தங்கச்சி நினைவுக்கு வந்தாள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வெளிநாட்டில கஷ்டப்படுற எங்கட புள்ளையளப் பாதுகாப்பாயாக."

"ஆமீன்!" கட்டாரில் வேன் ஓட்டும் மகன் றிஸ்மிக்காக அவர் குரலை உயர்த்தினார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"நோயாளிகளுக்குச் சுகத்தக் குடுப்பாயாக."

"ஆமீன்."

"குழி இலக்கம் ஏழைத் தெற்கால விரிவாக்கித் தருவாயாக."

"ஆமீன்!"

"வாய்க்கால் ஒதுக்கு நிலம் எங்களுக்குக் கிடைக்கிறத இலேசாக்குவாயாக."

"ஆமீன்!"

"மூண்டாம் காலாண்டில மண்ணிலயும், கல்லிலயும், மணலிலயும் பறக்கத்தச் சொரிவாயாக. பங்குதாரர்ர மனங்கள அமைதியாக்குவாயாக."

"ஆமீன், ஆமீன்!"

துஆ ஓடும்போது சொற்களை நிறுத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கேட்பவன் கேட்கிறான், கொடுப்பவன் கொடுப்பான், நடுவில் நமக்கென்ன வேலை. மனம் றிஸ்மியின் வேனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, மீராமுகைதீனின் வாய் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்களின் மனம் மூடிக்குள் இருந்தது. மேடைக்குக் கீழே ஒருவன் எல்லாவற்றையும் படம் பிடித்தான். மூடிகள் திறந்தன. புரியாணி நன்றாக இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அது கம்பனிக்குச் செய்யும் அநியாயம்.

*

ஒரு கிழமையில் பெக்கோ வந்தது. மீராமுகைதீன் மோட்டார் சைக்கிளில் விழுந்தடித்துப் போனார். வரம்பு போட வந்த பெக்கோ என்றுதான் முதலில் நினைத்தார். அது முதுகைக் குழிக்குக் காட்டி, முகத்தை வயலுக்குக் காட்டி நின்றது. வாய்க்காலின் மிச்சத்தை அள்ளிக்கொண்டிருந்தது.

அவர் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றார். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திப் பஸாலுக்குத் தொலைபேசி எடுத்தான். பஸால் வந்து இறங்கி, சலாம் சொல்லி, மரநிழலுக்குக் கூட்டிப்போய், தன்னுடைய கைத்தொலைபேசியைக் காட்டினான். அதில் மீராமுகைதீன் இருந்தார். பொன்னாடை போர்த்தி, கையேந்தி, கண்ணீர் ஒழுக, மண்டபத்திலேயே உரத்த குரலில் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத விடச் சம்மதம் எங்கயும் கிடைக்காது காக்கா. மேலிடமே கண் கலங்கிட்டுது. அழுதழுது சம்மதிச்ச விவசாயியாம்."

"மனே, அது துஆ!"

"ஓம். அதாலதான் நாங்களும் மதிக்கிறம்."

"நான் றிஸ்மிக்காகச் சொன்ன ஆமீன் அது."

"எந்த ஆமீன் ஆருக்கெண்டு எப்பிடிக் காக்கா பிரிக்கிற?" பஸால் உண்மையாகவே யோசித்தான். "வேணுமெண்டா அடுத்த தரம் மெதுவாச் சொல்லுங்க."

பின்னால் சைக்கிளில் வந்து சேர்ந்த தங்கராசா மூச்சு வாங்க நின்றார். "தம்பி, நான் சைவ சமயம். என்ர சம்மதம் எங்க?"

பஸால் படத்தைக் கொஞ்சம் தள்ளி ஓட்டினான். மீராமுகைதீனுக்குப் பக்கத்தில் தங்கராசாவும் கையேந்தி இருந்தார். உதடு அசைந்தது.

"கூட இருந்து சும்மா இருக்கிறது மரியாதையில்லையெண்டு நானும் சொன்னன்" என்றார் தங்கராசா, குரல் இறங்கி.

"அதத்தான் நாங்க பல்லின ஒப்புதலெண்டு போட்டிருக்கிறம் அங்கிள்" என்றான் பஸால். "உங்கட ஒரு ஆமீனுக்குத்தான் பெறுமதி கூட."

இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். அங்கேயும் அதே படம் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கே போனாலும் மீராமுகைதீனுக்கு முன்னால் மீராமுகைதீன் போய் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு மழை வந்தது. இரவெல்லாம் கொட்டியது. விடிந்து அவர் போய்ப் பார்த்தபோது வயலில் கால்வாசி இல்லை. யாரும் வெட்டவில்லை. குழியின் விளிம்பு ஊறி நெகிழ, வயல் தானாகச் சரிந்து, வரப்பும் புல்லும் பக்குவப்படுத்தி வைத்திருந்த சேறுமாகக் குழிக்குள் இறங்கியிருந்தது. குழி அதை வாங்கிக்கொண்டு கலங்கிய தண்ணீரோடு அமைதியாகக் கிடந்தது. அவர் நின்ற இடத்திலும் ஒரு வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது. பின்வாங்கி வீட்டுக்கு வந்தார்.

ஹாஜறா கேட்டாள். "வரம்பு போட்டாச்சா?"

அவர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். கழுவி விட்ட சேறு அவருடைய வயல் சேறு. அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

மூன்றாம் காலாண்டு விழாவுக்கும் ஓட்டோ வந்தது. இந்தத் தரம் அந்தக் குரலில் இருந்த சோகம் மீராமுகைதீனுக்குப் பொருத்தமாகப் பட்டது.

"போகாதீங்க" என்றாள் ஹாஜறா. "போனா அங்க இன்னொரு பொன்னாடதான் கிடைக்கும்."

"கேக்காம விட்டா விட்டதாப் போகும், புள்ள."

மண்டபத்தில் இப்போது ஐந்து கோப்பைகள். ஐந்தாவதைக் கேதீஸ்வரன் கடைசிவரை மூடியே வைத்திருந்தார். பிறகு, கலியாண வீட்டில் பொம்பிளையின் முகத்திரையை விலக்கிக் காட்டுவதுபோலத் துணியைத் தூக்கினார்.

கறுப்பு மண். களியும் வண்டலும் கலந்த வயல் மண். மேலே ஒரு நத்தைக் கோதும், போன போகத்து வைக்கோல் துண்டும்.

"நமது குழுமத்தின் ஐந்தாவது துறை!" என்றார் கேதீஸ்வரன். அவருடைய குரல் தழுதழுத்தது. "கொழும்பிலே மாடி வீடுகளில் பூச்சாடி வைப்போர் இப்படிப்பட்ட மண்ணைத் தேடி அலைகிறார்கள். சபையோரே, இந்த மண்ணை நாம் வெட்டவில்லை. ஒரு துளி டீசல் செலவில்லை. கடலைப் போலவே, ஒரு வயலும் தானாக முன்வந்து நமது உற்பத்தியில் பங்கெடுத்திருக்கிறது. இந்த மக்களுடைய மண்ணுக்கும் நம்மீது எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று பாருங்கள்!"

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அவருக்குப் பின்னால் சபை எழுந்து நின்றது. எல்லாரும் நின்றதால், மீராமுகைதீன் மேடைக்கு நடந்து போனதை யாரும் உடனே கவனிக்கவில்லை. விருது வாங்க வருகிறார் என்று நினைத்த பஸால் பொன்னாடையை விரித்துக்கொண்டு எதிரே வந்தான். மீராமுகைதீன் அவனைத் தாண்டிப் போய், ஐந்தாவது கோப்பையை இரண்டு கைகளாலும் தூக்கினார். பாரமாக இருந்தது.

"காக்கா, அது காட்சிக்கு வெச்சது" என்றான் பஸால்.

"தெரியும். என்ட வயல் இது" என்றார் அவர். கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கினார். கேதீஸ்வரன் "உற்பத்தி, உற்பத்தி" என்று இரண்டுமுறை கூவினார். மண்டபத்தில் இருந்த எவரும், கையில் கோப்பையோடு அழும் தாடிக்காரரைத் தடுக்க முன்வரவில்லை.

வெளியே தங்கராசா மோட்டார் சைக்கிளை ஓட்டினார். பின்னால் மீராமுகைதீன் கோப்பையை மடியில் வைத்து, காற்றுக்கு மண் பறக்காமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு வந்தார். மாவடிப்பள்ளியில் வாய்க்கால் அறுந்த இடத்துக்குப் போனார்கள். காவலாளி விழாச் சாப்பாட்டுக்குப் போயிருந்தான். வரம்பு இருந்த இடத்தில் இருவரும் குந்தியிருந்து கோப்பையைக் கவிழ்த்தார்கள். ஒரு கோழி கிளறும் அளவுக்குக் கூட இல்லாத மண் குவியல் ஒன்று வந்தது. மீராமுகைதீன் அதை வரம்பு அணைப்பதுபோல் கையால் தட்டித் தட்டி இறுக்கினார். தங்கராசா நத்தைக் கோதை எடுத்து அதன் மேல் வைத்தார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் அந்த மண் நழுவிக் குழிக்குள் போனது.

அவர்களுக்குப் பின்னால் கம்பனிப் படப்பிடிப்பாளன் மோட்டார் சைக்கிளிலேயே தொடர்ந்து வந்து நின்றிருந்ததை அவர்கள் காணவில்லை. விழாவில் யார் எழுந்து போனாலும் படமெடுக்கச் சொல்லி அவனுக்குக் கட்டளை.

நான்காம் காலாண்டில் கல்முனைச் சந்தியில் ஒரு பெரிய பதாகை ஏறியது. அதில் மீராமுகைதீனும் தங்கராசாவும் குழியின் விளிம்பில் குந்தியிருந்து மண் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: குழி இலக்கம் ஏழில் மண் மீள்நிரப்பும் பணி மக்கள் பங்களிப்புடன் வெற்றிகரமாக ஆரம்பம். பொன்வயல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்.

சந்தைக்குப் போன ஹாஜறா அதைப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"அப்ப வரம்பு போட்டாச்சாமே?"

"ஓம்" என்றார் மீராமுகைதீன். "ஒரு கோப்ப போட்டாச்சி."

ஹாஜறா செருப்பைக் கழற்றினாள். அடுப்படிக்குப் போய்ச் சுண்டால் அரிசி அளந்து கழுவினாள். கடையில் வாங்கிய அரிசி. அந்த வீட்டில் அப்படி வாங்கியது அது முதல் வருசம்.

அந்த வாரம் ஜும்ஆவில் மீராமுகைதீன் முன்வரிசைக்குப் போய் இருந்தார். வழக்கமாகத் தூணோடு சாய்ந்திருப்பவர், அன்றைக்கு ஹஸ்ரத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து ஹஸ்ரத் கையேந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள்.

"யா அல்லாஹ், எங்கட மழையில பறக்கத் செய்வாயாக."

"ஆமீன்" என்றது பள்ளிவாசல்.

"எங்கட மண்ணில விளைச்சல அதிகரிப்பாயாக."

"ஆமீன்."

மீராமுகைதீன் ஏந்திய கையோடு பக்கத்திலிருந்தவர் பக்கம் மெல்லச் சரிந்தார்.

"ஆர்ர மண் எண்டு சொன்ன?" என்று கேட்டார்.

"உஸ்! துஆ நடக்குது. ஆமீன் சொல்லுங்க காக்கா."

ஹஸ்ரத் அடுத்ததைக் கேட்டார். சனம் ஆமீன் சொன்னது. மீராமுகைதீன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மறுபடி காதைக் கொடுத்தார்.